பித்தளை லென்ஸும் அப்பாயியின் அக்காவும்

இரத்தினபுரி டவுனில் ஒரு பழைய போட்டோ ஸ்டூடியோ இருந்தது. எங்கள் தோட்டத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், அடையாள அட்டைக்குப் படம் என்றாலும், ஒரு காலத்தில் அங்கேதான் பஸ் ஏறிப் போவார்களாம். எங்கள் காலத்தில் அது பெயருக்குத்தான் திறந்திருந்தது. கடையை ஒரேயடியாக மூடப் போகிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு போயா நாளில் நாங்கள் நாலு பேரும் ஸ்டூடியோ தாத்தாவைத் தேடிப் போனோம். லென்ஸ் பார்க்கப் போகவில்லை. லென்ஸைப் பற்றி அன்றைக்கு எங்களுக்கு ஒன்றுமே தெரியாது. பழைய நெகட்டிவ் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று கேட்கத்தான் போனோம்.

காரணம் ஒரு படம். எங்களில் ஒருவரின் அப்பாயி, இப்போது எங்கள் எல்லாருக்குமே அப்பாயி, ட்ரங்குப் பெட்டியின் அடியில் ஒரு குரூப் போட்டோ வைத்திருக்கிறார். பின்பக்கம் பென்சிலில் 1973 என்று எழுதியிருக்கிறது. லயத்து வாசல், பதினாலு பேர், நடுவில் கதிரையில் இரண்டு பெரியவர்கள். பதினாறு வயது அப்பாயி நடுவில் நிற்கிறார், ரிப்பன் முடிச்சுகூடத் தெரிகிறது. வலது ஓரத்தில், தாழ்வாரத் தூணுக்குப் பக்கத்தில், அப்பாயியின் அக்கா. சேலை தெரிகிறது, இடுப்பில் பிள்ளை தெரிகிறது. முகம் தெரியவில்லை. கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல்தான் இருக்கிறது.

அந்தப் படம் எடுத்த மறுநாள் விடியக்காலையில் அக்காவும் புருஷன் வீட்டு ஆட்களும் லொறியேறிப் போய், தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டார்கள். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தை நாங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வரியில் படித்தோம். நாடற்றவர்களாக இருந்த 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று எழுதினார்கள். அந்த மீதியை 1974ல் இரண்டு அரசும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்கள் லயத்தில் அந்தக் கணக்கு அக்கா ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம் என்று விழுந்தது. அக்கா மண்டபம் முகாமிலிருந்து நீலகிரிக்குப் போய், கூடலூர் பக்கம் குடியேறினார். கொஞ்ச வருஷம் கடிதம் வந்ததாம். பிறகு வரவில்லை.

"படம் எடுத்த அன்னைக்குக் காலையில எங்க ரெண்டு பேருக்கும் சண்டை" என்று அப்பாயி சொல்லுவார். அம்மாவுடைய தோடு யாருக்கு என்ற சண்டை. "அந்தக் கோவத்தில படத்துக்குக்கூட ஒழுங்கா நிக்கல. மூஞ்சிய திருப்பிக்கிட்டா. அதான் அப்பிடி விழுந்துருக்கு." ஐம்பது வருஷமாக அப்பாயி இதை இப்படித்தான் சொல்கிறார். அதனால்தான் படம் சுவரில் இல்லை, பெட்டியின் அடியில் இருக்கிறது.

நெகட்டிவ் கிடைத்தால், இப்போது இருக்கிற வசதியில் ஸ்கேன் செய்து முகத்தை எடுத்துவிடலாம் என்று நினைத்தோம். ஸ்டூடியோ தாத்தா சிரித்தார். "நெகட்டிவா? 2003 மே மாசத்து வெள்ளம் எல்லாத்தையும் கொண்டு போயிருச்சு பிள்ளைகளா. மிஞ்சினத 2017 வெள்ளம் வந்து முடிச்சு விட்டுருச்சு." களுகங்கை அந்தக் கடைக்குள் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரில் இன்னும் கோடு இருக்கிறது.

மேல் ராக்கையில் இருந்ததால் தப்பியது ஒரு பிஸ்கட் டின். அதைத் திறந்து இரண்டு லென்ஸை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று தடித்த பித்தளைக் குழாய். மற்றது சின்னது, கறுப்பு, ஷட்டரோடு சேர்ந்தது. "கொழும்பிலேருந்து ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போனாரு. ரெண்டுக்கும் சேத்து 15,000 தாரேன்னாரு. பித்தளைதான் ஏதோ அலங்காரத்துக்கு ஆகுமாம், கறுப்பு குப்பையாம். கண்ணாடிக்குள்ள குமிழி இருக்காம், கீறலாம், பூஞ்சணமாம். எனக்குக் கண்ணு ஆபரேசன் செய்யணும், உள்ள வைக்கிற லென்ஸ் வாங்கணும். நீங்கதான் போன்ல எல்லாம் தேடுறீங்களே, சரியான விலையா இதுன்னு பாத்துச் சொல்லுங்க."

நாங்கள் உடனே சொன்னோம். அதுவும் பிழையாகச் சொன்னோம்.

எங்களில் ஒருத்தன் மாணிக்கக்கல் பட்டை தீட்டுகிற இடத்தில் வேலை செய்கிறான். இரத்தினபுரியில் வளர்ந்தவனுக்குக் கல்லைக் கையில் எடுத்தால் டோர்ச் அடித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. கறுப்பு லென்ஸைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். உள்ளே ஊசிமுனை அளவில் இரண்டு குமிழி. "போச்சு தாத்தா, அவரு சொன்னது சரிதான்" என்றான். கல்லுக்குள் உருண்டையாகக் காற்றுக் குமிழி இருந்தால் அது கல்லே இல்லை, கண்ணாடி என்று பிடித்துக்கொள்வார்கள். ஆனால் லென்ஸ் கண்ணாடிதானே! அது அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

தாத்தா ஒன்றும் பேசவில்லை, டின்னை மூடினார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே எங்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த கிழமை திரும்பிப் போய், ஒரு மாதத்துக்கு இரண்டையும் எங்களிடம் தாங்க, ஒழுங்காகப் படித்துப் பார்த்துச் சொல்கிறோம் என்று கேட்டோம். தந்தார். அந்த ஒரு மாதத்தில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒன்று கிடக்கலாம்.

டோர்ச் வெளிச்சத்தில் தெரிவது

முதலில் குமிழி. 1880களில் ஜெர்மனியின் ஜேனா நகரில் ஒட்டோ ஷொட் புதுவகைக் கண்ணாடிகளைச் செய்ய ஆரம்பித்தார். அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால், நடுவும் ஓரமும் ஒரே மாதிரித் தெளிவாக விழும் லென்ஸ்கள் வந்திருக்காது. 1890ல் ஸைஸின் புரொட்டார், 1892ல் கோர்ஸின் டாகோர், 1902ல் டெஸ்ஸார் என்று வரிசையாக வந்தன. அந்தக் கண்ணாடிகளை உருக்கும்போது குமிழியில்லாமல் வார்ப்பது கஷ்டம். அதனால் நல்ல லென்ஸுக்குள் சின்னக் குமிழி இருப்பது சாதாரணம், படம் அதனால் கெடாது என்று அந்தக் காலத்துக் கம்பெனிகளே தங்கள் விலைப்பட்டியலில் எழுதினார்கள். விஷயம் எளிது. குமிழி மறைப்பது லென்ஸின் பரப்பில் மிகமிகச் சின்ன ஒரு பங்கு. அது படத்தில் ஒரு புள்ளியாக விழாது. அந்த அளவு வெளிச்சம் குறையும், அவ்வளவுதான்.

கீறலும் அப்படித்தான். முன் கண்ணாடியில் இரண்டு மூன்று கீறல் இருந்தால் படத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஆழமான சில்லு உடைவு என்றால், அதில் பட்டு வெளிச்சம் சிதறாமல் இருக்க ஒரு சொட்டு கறுப்புப் பெயின்ட் வைத்தால் போதும். ஆனால் துணியால் துடைத்துத் துடைத்து விழுந்த, மயிரிழை மாதிரி நூற்றுக்கணக்கான கீறல் வேறு விஷயம். அது முழுப் படத்தையும் சாம்பல் பூசினது போல ஆக்கும். ஒரு பெரிய கீறலை விடப் பளபளவென்று தேய்த்து வைத்த கண்ணாடிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

மூன்றாவது பூஞ்சணம். இது எங்கள் ஊரின் சொந்த வியாதி. இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இங்கே செருப்புக்கும் பூஞ்சணம் பிடிக்கும், சான்றிதழுக்கும் பிடிக்கும். லென்ஸின் பின்னாலிருந்து டோர்ச்சைச் சாய்த்து அடித்தால் சிலந்தி நூல் மாதிரித் தெரியும். மேலோட்டமாக இருந்தால் துடைத்து எடுக்கலாம். நாள்பட்டால் கண்ணாடியையே அரித்துவிடும், துடைத்த பிறகும் அந்தத் தடம் அப்படியே நிற்கும். கறுப்பு லென்ஸில் இருந்தது பின்கண்ணாடியின் ஓரத்தில் மட்டும். மெல்லத் துடைத்தோம், போய்விட்டது, தடம் இல்லை.

நாலாவது, வெளியே தெரியாதது. பழைய லென்ஸ்களில் இரண்டு கண்ணாடியைச் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். ஒட்டுகிற பசை கனடா பால்சம், அங்கே ஒருவகை ஊசியிலை மரத்திலிருந்து வடிகிற பிசின். ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிற குடும்பத்துப் பிள்ளைகளான எங்களுக்கு இது பிடித்துவிட்டது. உலகத்தின் பெரிய பெரிய லென்ஸெல்லாம் மரத்துப் பாலால் ஒட்டினதுதான்! அந்தப் பசை காய்ந்து விட்டுப் போனால் ஓரத்தில் வானவில் நிற வளையமோ, மஞ்சள் திட்டோ தெரியும். கொழும்புக்காரர் அழகு என்று சொன்ன பித்தளை லென்ஸில்தான் அது இருந்தது. ஓரத்தில் நகக்கண் அளவு. கறுப்பில் இல்லை.

ஐந்தாவது, எங்களுக்கு ஆச்சரியம் தந்தது. பித்தளை லென்ஸின் முன்கண்ணாடி லேசாக நீலம் பாரித்திருந்தது. அழுக்கு என்று தேய்க்கப் போனோம். நல்ல வேளை தேய்க்கவில்லை. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் வெளிச்சத்தில் 4, 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். காலப்போக்கில் பாரித்துப்போன லென்ஸ்கள் புதிதைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன என்பதை 1890களில் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் கவனித்தார். இன்றைக்கு எல்லா லென்ஸிலும் இருக்கிற பூச்சுக்கு ஆரம்பம் அந்தக் கவனிப்புத்தான். சில நேரம் கறை என்று நினைப்பதே உதவியாக இருக்கிறது.

பெயர் இல்லாத லென்ஸ் எந்த வகை?

பித்தளையில் கம்பெனிப் பெயர் தேய்ந்துபோய், லண்டன் என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. பெயர் இல்லாவிட்டாலும் வகையைப் பிடிக்க ஒரு வழி உண்டு. இருட்டு அறையில் ஒரு பல்பை மட்டும் போட்டு, லென்ஸில் அதன் பிம்பங்களை எண்ண வேண்டும். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பக்கமும் ஒரு பளிச்சென்ற பிம்பம் தரும். இரண்டு கண்ணாடி ஒட்டியிருக்கும் இடம் மங்கலான பிம்பம் தரும். பித்தளையின் முன்பாதியில் இரண்டு பளிச், ஒரு மங்கல். பின்பாதியிலும் அதே. இரண்டு பாதியும் ஒரே மாதிரி. அப்படியென்றால் அது ரெபிட் ரெக்டிலினியர் வகை. 1866ல் லண்டனில் டால்மேயர் கொண்டு வந்த அமைப்பு, அதே வருஷம் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் தனியாக அதையே செய்தார். பிறகு ஐம்பது அறுபது வருஷம் ஊர் உலகமெல்லாம் பல கம்பெனிகள் அதைச் செய்து விற்றன. கறுப்பின் முன்பாதியில் நாலு பளிச், பின்பாதியில் இரண்டு பளிச், ஒரு மங்கல். அது டெஸ்ஸார் வகை.

ரெபிட் ரெக்டிலினியரின் நல்ல குணம், நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும். லயத்துச் சுவர் வளையாது. கெட்ட குணம் இன்னொன்று இருக்கிறது. அதை நாங்கள் கண்ணால் பார்க்கும்வரை படித்தும் புரிந்துகொள்ளவில்லை.

பார்ப்பதற்குக் கெமரா வேண்டும். பெரியப்பா வீட்டு அட்டாலியில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருந்தது, பலகைப் பெட்டி. இப்போதெல்லாம் தேயிலை கடதாசிச் சாக்கில்தான் போகிறது. பெட்டியில் ஒரு பக்கம் துளை போட்டு லென்ஸை வைத்தோம். உள்ளே முன்னும் பின்னும் நகர்கிற மாதிரி ஒரு சட்டம் செய்தோம். அதில் மங்கல் கண்ணாடி வேண்டும். கல் பட்டறையிலிருந்து தேய்ப்புத் தூள் கொஞ்சம் வாங்கி, தண்ணீர் விட்டு, ஜன்னல் கண்ணாடித் துண்டை அரை மணி நேரம் தேய்த்தோம். மாணிக்கத்தைப் பளபளப்பாக்குகிற இடத்துத் தூளால் கண்ணாடியின் பளபளப்பை எடுத்தோம். மேலே போர்த்திக்கொள்ள ஒரு கறுப்புக் கம்பளி.

விடியக்காலை மேகம் இல்லாத ஒரு நாள், பெட்டியைச் சிவனொளிபாதமலைப் பக்கம் திருப்பினோம். மலை தலைகீழாகக் கண்ணாடியில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லை. பிறகு கம்பளிக்குள் போக அடிபட்டோம்.

தூரத்து மலை தெளிவாக விழும்போது, லென்ஸின் நடுவிலிருந்து கண்ணாடிக்கு உள்ள தூரம் 9 அங்குலம். அதுதான் குவியத் தூரம். பித்தளை வளையத்தில் 4, 8, 16, 32, 64 என்று இலக்கங்கள். எஃப் 4 என்றால் பெரிய துளை, விலை கூடின லென்ஸ் என்று துள்ளினோம். அளந்து பார்த்தால் முழுதாகத் திறந்த துளை 1⅛ அங்குலம்தான். 9ஐ 1⅛ஆல் வகுத்தால் 8. வளையம் பொய் சொல்லவில்லை. 1880களில் பிரித்தானியாவில் வேறு ஒரு அளவு முறை இருந்தது. அதில் 4 என்றால் இப்போதைய எஃப் 8, 8 என்றால் எஃப் 11, 32 என்றால் எஃப் 22. அந்த முறையில் ஒரு வசதி. இலக்கம் எத்தனை மடங்கோ, நேரமும் அத்தனை மடங்கு. 4ல் ஒரு செக்கன்ட் என்றால் 32ல் எட்டு செக்கன்ட்.

அடுத்து வீரகேசரித் தாள்களைச் சுவர் முழுக்க ஒட்டி, பெட்டியை நேரே வைத்து, கல் பார்க்கிற லூப்பை மங்கல் கண்ணாடியில் வைத்து எழுத்தை வாசித்தோம். கறுப்பு லென்ஸ் முழுதாகத் திறந்தும் நடுவில் அருமை, ஓரத்தில் பரவாயில்லை. இரண்டு ஸ்டொப் மூடினால் மூலைவரை எழுத்து வாசிக்கலாம். அதன் ஷட்டரில் மட்டும் குறை. போனில் ஸ்லோ மோஷன் போட்டால் செக்கன்டுக்கு 240 படம் எடுக்கும். 60ல் ஒரு பங்கு செக்கன்ட் என்றால் நாலு படத்தில் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். பத்துப் படத்தில் திறந்திருந்தது. எண்ணெய் காய்ந்துபோய் மெதுவாகிவிட்டது, கழுவிச் சரிபார்த்தால் போதும்.

பித்தளையை மாட்டினோம். 4ல் வைத்தோம். நடுவில் எழுத்து ஊசி மாதிரி. ஓரத்துக்குப் போகப் போகக் கலங்கியது. வலது கடைசியில் இருந்த தலைப்பு எழுத்துக்கூட, கண்ணீர் வழியாகப் பார்க்கிற மாதிரி. சட்டத்தை நகர்த்தினால் ஓரம் கொஞ்சம் தெளிந்தது, ஆனால் நடு கலங்கியது. இரண்டும் ஒன்றாகத் தெளியவே இல்லை. விழுந்து அடிபட்ட லென்ஸோ என்று இடது பக்கம் பார்த்தோம். அங்கேயும் அதே அளவு கலங்கல். அடிபட்ட லென்ஸ் என்றால் ஒரு பக்கம் மோசமாகவும் மறுபக்கம் நன்றாகவும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றால் அது அந்த வகையின் பிறவிக் குணம். துளையைச் சின்னதாக்கினால்தான் ஓரம் தெளியும்.

அப்போது எங்களில் ஒருத்தி கம்பளிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, "அப்பாயியோட படத்த கொண்டு வாங்க" என்றாள்.

தூண் ஆடுமா?

படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தோம். இத்தனை வருஷமும் எல்லாரும் அக்காவின் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறோம். அவருக்குப் பக்கத்திலிருந்த தூணை ஒருவரும் பார்த்ததில்லை. தூணும் கலங்கியிருந்தது. தூணில் தொங்கிய தகரப் போணியும் கலங்கியிருந்தது. படத்தின் இடது ஓரத்தில் நிற்கிற சின்னப் பையன், அவனுக்குப் பின்னால் சுவரின் மூலை, இரண்டும் அதே கலங்கல்.

ஆள் ஆடினால் ஆள் மட்டும்தான் கலங்கும், அதுவும் ஆடின திசையில் இழுபட்டுக் கலங்கும். பக்கத்துத் தூண் கூர்மையாக நிற்கும். தூணும் ஆளும் ஒரே மாதிரிக் கலங்கியிருந்தால் அது லென்ஸ். சேலைக் கரையின் கலங்கலையும் தூண் விளிம்பின் கலங்கலையும் அளந்து பார்த்தோம், ஒரே அகலம். அக்கா தூணை விடத் துளியும் அதிகமாக ஆடவில்லை.

ஸ்டூடியோ தாத்தாவுக்குப் போன் அடித்தோம். அந்தக் காலத்தில் குரூப் படத்துக்கு எந்த லென்ஸ் என்று கேட்டோம். "பித்தளைதான். கறுப்பு பெறகுதான் வந்துச்சு."

இந்த இடத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்கிற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பேர் வாங்கிய போட்டோக் கலைஞர். 1875ல் கணவரோடு இலங்கைக்கு வந்தார், கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் புதைக்கப்பட்டார். அவருடைய முதல் லென்ஸும் இப்படித்தான், பெட்ஸ்வால் வகை, ஓரம் கலங்குவது. அவர் அந்தக் கலங்கலை விரும்பியே வைத்துக்கொண்டார். அந்தக் காலத்து விமர்சகர்கள் ஃபோகஸ் பண்ணத் தெரியாதவர் என்று திட்டினார்கள். இன்றைக்கு அது கலை. அதே மாதிரிக் கலங்கலுக்காகவே இன்று பழைய பெட்ஸ்வால் லென்ஸ்களைத் தேடி வாங்குகிறார்கள். களுத்துறைப் பக்கம் அவர் எடுத்த உழைக்கும் மக்களின் படங்களும் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

அதனால் ஒரு லென்ஸ் நல்லதா கெட்டதா என்று கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு முகத்தை நடுவில் வைத்து எடுக்கிறவருக்குப் பித்தளை அருமையான லென்ஸ். பதினாலு பேரை ஒரே வரிசையில் நிற்க வைத்து, நாளைக்கு இவர்களில் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள் என்கிற நிலையில், பொழுது சாய்ந்த பிறகு, முழுதாகத் திறந்து எடுத்தால் அது ஓரத்தில் நிற்பவரைக் கைவிட்டுவிடும்.

கம்பளிக்குள் அப்பாயி

இதை அப்பாயியிடம் சொல்வதா என்று எங்களுக்குள் இரண்டு நாள் பேச்சு. ஐம்பது வருஷமாக ஒரு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறவரிடம் போய் எஃப் 8, எஃப் 22 என்று பேசவா? முடிவில், சொல்ல வேண்டாம், காட்டுவோம் என்று தீர்மானித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெட்டியை லயத்து வாசலில் வைத்தோம். பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். பேத்தியை வலது ஓரத்தில் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். அப்பாயியைக் கம்பளிக்குள் விட்டோம்.

"ஐய்யே, எல்லாம் தலைகீழா தெரியுது!"

"அப்பிடித்தான் தெரியும் அப்பாயி. ஓரத்தில நிக்கிறவளப் பாருங்க."

"மூஞ்சி தெரியல. ஏய், ஆடாம நில்லுடி!"

"ஆடலயே அப்பாயி!" என்று அங்கிருந்து அவள் கத்தினாள்.

அப்பாயி கம்பளியை விலக்கி எட்டிப் பார்த்தார். அவள் கல்லு மாதிரி நின்றாள். திரும்ப உள்ளே போனார். திரும்ப எட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளேயே இருந்தார். நாங்கள் பித்தளை வளையத்தை மெதுவாக 32க்குத் திருப்பினோம். கண்ணாடி இருட்டாகும், ஆனால் கண் பழகினால் தெரியும்.

"இப்ப?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "தெரியுது. கண்ணு, மூக்கு எல்லாம் தெரியுது."

வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார், உள்ளே வெக்கை என்றார். பிறகு பெட்டிக்குள்ளிருந்த படத்தைக் கேட்டார். தூணைக் காட்டினோம், போணியைக் காட்டினோம், மறுபக்கத்துப் பையனைக் காட்டினோம். அந்தப் பையன் தன் சின்ன தம்பி என்றார், அவனுக்கும் முகம் இல்லை என்பதை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார்.

"அப்ப அக்கா நேராத்தான் நின்னுருக்கா" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு இரவு தோட்டுச் சண்டையை மறுபடியும் எங்களுக்குச் சொன்னார். முதல் தடவையாக, அந்தத் தோடு கடைசியில் யாருக்குப் போனது என்றும் சொன்னார். அப்பாயிக்குத்தான். அக்கா லொறி ஏறும்போது கழற்றி இவர் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறார். இவ்வளவு நாளும் அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டது ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

படம் இப்போது சுவரில் இருக்கிறது. முகம் இப்போதும் கலங்கல்தான். லென்ஸ் விடாததை ஸ்கேனும் கொடுக்காது.

எட்டு செக்கன்ட்

ஒரு மாதம் முடிந்து ஸ்டூடியோ தாத்தாவிடம் போனோம். ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொண்டு போனோம். கறுப்பு: குமிழி இரண்டு, பாதிப்பில்லை. கீறல், பாதிப்பில்லை. பூஞ்சணம் எடுத்தாயிற்று, அரிப்பு இல்லை. ஷட்டர் மெதுவு, திருத்தலாம். மூலைவரை தெளிவு. பித்தளை: ஒட்டு ஓரத்தில் விட்டிருக்கிறது, முழுதாகத் திறந்தால் ஓரம் கலங்கும், 32ல் நல்லது, முகப் படத்துக்கு அழகு. முதல் நாள் நாங்கள் பிழையாகச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டோம். "கல்லுப் பாக்குற கண்ணால லென்ஸப் பாத்தீங்க, வேற என்னா" என்றார்.

கொழும்புக்காரர் திரும்ப வந்தபோது தாத்தா அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தாராம். கறுப்பு மட்டும் தனியாக, முதலில் இரண்டுக்கும் சேர்த்துச் சொன்ன விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போனது. கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது.

அப்பாயியின் படத்தையும் அவரிடம் காட்டினோம். அந்தப் படம் குறிப்பாக ஞாபகமில்லை என்றார். அந்த வருஷங்களில் அப்படி எத்தனையோ லயத்து வாசல். ஆனால் எப்படி எடுத்தது என்பது ஞாபகம் இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம், ஃபிலிம் கிடைப்பதே கஷ்டம், ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு ஃபிலிம். வேலை முடிந்து எல்லாரும் குளித்து உடுத்து வரும்போது பொழுது சாய்ந்துவிடும். மூடியைக் கழற்றி, ஒன்று என்று எண்ணி, மூடியைப் போடுவது.

"32ல வச்சிருந்தா ஓரமும் விழுந்திருக்கும் தாத்தா" என்று எங்களில் ஒருவன் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தாத்தா கோபப்படவில்லை. "தெரியும் தம்பி. அது தெரியாம லென்ஸ வச்சிருப்பனா? 32ல வச்சா எட்டு செக்கன்ட். அழுதுக்கிட்டு நின்ன சனத்த எட்டு செக்கன்ட் ஆடாம நில்லுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

பித்தளையை அவர் விற்கவில்லை. எங்களிடம் தந்திருக்கிறார், வேண்டும்போது கேட்பதாகச் சொல்லி. இறுக்கமான ஒரு பால்மா டின்னில், புதுச் செருப்புப் பெட்டிகளுக்குள் வரும் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்திருக்கிறோம். மாதத்துக்கு ஒரு தடவை வெயில் காட்டுகிறோம்.

ஃபிலிம் வாங்க எங்களுக்கு வசதி இல்லை. கறுப்பு வெள்ளைப் போட்டோக் கடதாசியையே நெகட்டிவாகப் போட்டு, சிவப்பு பல்ப் எரியும் குசினியில் கழுவி எடுக்கிறோம். நிழலில் 4ல் ஒரு செக்கன்ட், 32ல் எட்டு செக்கன்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாகப் போய்ப் பெரியவர்களை எடுக்கிறோம். படத்தின் பின்பக்கம் இடமிருந்து வலமாக எல்லாருடைய பெயரையும் எழுதுகிறோம்.

எட்டு செக்கன்ட் ஆடாமல் நில்லுங்கள் என்று கேட்கிறோம். நிற்கிறார்கள்.